கடிதம் வந்ததும் கோப்பை மூடாதீர்கள்: போக்குவரத்துப் பாதுகாப்புக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலம், ரயில், சாலை ஆகியவற்றின் பாதுகாப்பை அரசு சார்பில் கண்காணிக்கும் வேலையில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். போன மாதம் என்னிடம் பயிற்சி பெறும் ஒருவர் எழுதிய தணிக்கைக் குறிப்பைப் படித்தேன். வரைபடம், படங்கள், அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "பதில் பெறப்பட்டது, குறை முடித்து வைக்கப்பட்டது." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே வரியை எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தலைக்கவசம் இல்லாமல் களத்துக்குப் போவது, படத்தில் தேதி விட்டுப்போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை மேலதிகாரி முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார். யாரும் திருத்தாமல் வருடக்கணக்கில் கூடவே வரும் தவறுகளைச் சொல்கிறேன்.

பதில் வந்ததை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வது

அப்போது என் பொறுப்பில் இருந்த பாலங்களில் ஒன்றில், தளத்தின் வடிகால் குழாய் அடைபட்டிருந்தது. மழைநீர் குழாய்க்குள் இறங்காமல், தளத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக ஒழுகி, தூணின் தலையில் தளத்தைத் தாங்கும் பேரிங் மேல் விழுந்துகொண்டிருந்தது. படம் எடுத்தேன், குறிப்பு எழுதினேன். ஆறு வாரத்தில் பாலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: "ஆவன செய்யப்படும்." பதிவேட்டில் 'முடிந்தது' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அங்கே ஆய்வுக்குப் போனவர் வேறொருவர். வடிகால் குறை முடிந்துவிட்டது என்று என் பதிவேடு சொன்னதால் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. நான்காவது வருடம் நானே போனேன். குழாயின் வாயில் செடி வளர்ந்திருந்தது. பேரிங் துருவேறி இறுகிப்போயிருந்தது. வெயிலில் தளம் நீளும்போது நகர்ந்துகொடுப்பதுதான் பேரிங்கின் வேலை. அது இறுகினால் தளம் தள்ளும் விசை முழுக்கத் தூணுக்குப் போகும். தூணின் தலையில் விரிசல் விழுந்திருந்தது. ஒரு ஆள் ஒரு கம்பியோடு வந்து ஒரு காலையில் முடித்திருக்கக்கூடிய வேலை, தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி பேரிங் மாற்றும் வேலையாகிவிட்டது. பாலம் பல வாரங்கள் மூடிக் கிடந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. இருந்தாலும் நினைக்கும்போது இன்னும் ஆத்திரம் வருகிறது. குறையைப் பார்த்தோம், எழுதினோம், படமும் எடுத்தோம். அப்புறம் அது தாளிலிருந்து போய்விட்டது. பாலத்தை விட்டுப் போகவில்லை.

இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. ஃபெர்ன் ஹாலோ பாலம் 2022 ஜனவரி 28 அன்று காலை, ஒரு பேருந்தும் சில கார்களும் மேலே இருக்கும்போதே இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம்தான். அதன் கால்கள் தானாகவே ஒரு துருப்படலத்தை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் வகை எஃகால் ஆனவை. நனைந்தாலும் மறுபடி காய்ந்தால்தான் அந்தப் படலம் நிலைக்கும். வடிகால்கள் அடைபட்டு, நீரும் குப்பையும் கால்களில் தேங்கி, எஃகு காயவே இல்லை; அரித்துப்போனது. இதை ஆய்வறிக்கைகள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தன. அந்தப் பரிந்துரைகளின் மேல் நகர நிர்வாகம் நடவடிக்கை எடுக்காததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் முடிவு சொன்னது. நகரத்தின் ஆய்வுப் பணியை மாநிலப் போக்குவரத்துத் துறை போதுமான அளவு மேற்பார்வை செய்யவில்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாவது குற்றச்சாட்டு நம்மைப் போன்றவர்களுக்கானது.

பதில் கடிதத்தைப் படிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது". இவற்றில் செய்பவர் யார் என்றும் இல்லை, எந்தத் தேதிக்குள் என்றும் இல்லை. இப்படி ஒரு கடிதம் வந்தால், யார், எப்போது என்ற இரண்டு கேள்விகளோடு அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். என் பதிவேட்டில் இப்போது நான்கு தனிக் கட்டங்கள் இருக்கின்றன: பதில் வந்தது, திட்டம் ஏற்கப்பட்டது, வேலை முடிந்ததாகச் சொன்னார்கள், நேரில் பார்த்தோம். நான்காவது கட்டத்தில் தேதியும் பார்த்தவர் பெயரும் விழும்வரை குறை திறந்தே இருக்கும். நேரில் போக முடியாத சின்னக் குறைகளுக்குப் படம் கேட்கலாம். ஆனால் முதலில் எடுத்த படத்தின் அதே கோணத்தில், பின்னால் ஏதாவது அடையாளம் தெரிகிற மாதிரி கேளுங்கள். ஒருமுறை எனக்கு வந்த 'சரிசெய்த பின்' படத்தில் இருந்தது பக்கத்துத் தூண்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். எடைக் கட்டுப்பாடு வரும், ஒரு தடம் மூடப்படும், வேகம் குறைக்கப்படும், எதுவானாலும் சரி. பின்னால் சொன்னால் மிரட்டலாகத் தெரியும்.

குறைகள் திறந்தே கிடந்தால் நம் அலுவலகத்துக்குக் கெட்ட பெயர் என்று சில மேலதிகாரிகள் நினைப்பார்கள். பணிந்துவிடாதீர்கள். ஓட்டுநர் சிக்னலைத் தவறவிட்டால் ரயிலைத் தானாகவே நிறுத்தும் ஏற்பாடு வேண்டும் என்று அதே அமெரிக்க வாரியம் 1969இல் நடந்த ஒரு மோதலுக்குப் பிறகு சொல்லத் தொடங்கியது. வாரியத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது, பரிந்துரைக்க மட்டுமே முடியும். 2008இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ரயில்கள் மோதி 25 பேர் இறந்த பிறகுதான் சட்டம் வந்தது. 2020 முடிவில்தான் வேலை நிறைவேறியது. அத்தனை வருடமும் வாரியம் அந்தக் கோரிக்கையைக் கைவிடவில்லை.

பயிற்சி பெறுபவரின் குறிப்புக்கு வருகிறேன். அவர் எழுதியிருந்த குறை, தடுப்புச் சட்டகத்தின் அடியில் போல்ட்கள் தளர்ந்திருந்தது. இருவரும் நேரில் போனோம். ஆறு போல்ட்களில் இரண்டை இறுக்கியிருந்தார்கள். மற்ற நான்கில் நட்டே இல்லை.

பிறர் போட்ட கணக்கை அப்படியே ஒட்டுவது

ஃபெர்ன் ஹாலோ பாலத்தில் 26 டன் எடை வரம்புப் பலகை இருந்தது. அந்த வரம்புக்குப் பின்னால் இருந்த கணக்கு தவறு. தளத்தின் மேல் இருந்த தார் பூச்சின் தடிமன் கணக்கில் எடுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கால்களின் அரிப்பும் சரியாகக் கணக்கில் வரவில்லை. சரியாகப் போட்டிருந்தால் பாலத்தையே மூடியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்து 13 பேரைக் கொன்ற நெடுஞ்சாலைப் பாலத்தில் இன்னொரு விதம். எஃகுச் சட்டங்கள் கூடும் முனைகளில் சில இணைப்புத் தகடுகள், வடிவமைப்புப் பிழையால், இருக்க வேண்டிய தடிமனில் பாதியே இருந்தன. எடை தாங்கும் கணக்கில் அந்தத் தகடுகளைச் சேர்க்கும் வழக்கமே அப்போது இல்லை. 2003இல் எடுத்த படங்களில் தகடு வளைந்திருப்பது தெரிகிறது. பார்த்தவர்கள் இருந்தார்கள், ஏன் வளைந்தது என்று கேட்டுக் கணக்கைத் திறந்தவர் இல்லை. எனவே கணக்குத் தாள் கைக்கு வந்ததும் விடையைப் பார்க்காதீர்கள். எதை அளந்தார்கள், எதை ஊகித்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பாருங்கள்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு மட்டுமே ஆய்வுக்குப் போவது

இரவிலும் மழையிலும், சொல்லாமலும் போங்கள்.

பாதுகாப்புக் கையேட்டையே பாதுகாப்பு என்று நம்புவது

கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று, ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருந்த எண்ணெய் ரயில் சரிவில் உருண்டு வந்து தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். போட்டிருந்த கைப்பிரேக்குகள் அந்த எடைக்குப் போதவில்லை. அந்த ரயில் நிறுவனத்திடம் 2002 முதலே பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் என்று ஓர் ஆவணம் இருந்தது. நடைமுறையில் அது சரியாக இயங்கவில்லை. அரசுத் துறை அதை முதன்முதலாகத் தணிக்கை செய்தது 2010இல்.

கையேட்டை மூடி வைத்துவிட்டு, இரவுப் பணியில் இருப்பவரிடம் போய் இந்தச் சரிவில் எத்தனை பிரேக் போடுவீர்கள், பிடித்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் கையேட்டில் இருப்பதும் வேறுவேறாக இருந்தால் அதுதான் உங்கள் அறிக்கையின் முதல் பக்கம்.

'விபத்தே இல்லை' என்பதைச் சான்றாக எழுதுவது

பதிவேட்டில் பூஜ்யம் இருந்தால், பதிவு செய்வது யார் என்று முதலில் கேளுங்கள்.

யார் செய்தது என்று தொடங்குவது

விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், பழியைத் தீர்மானிப்பது அல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. ரயிலுக்கும் பாலத்துக்கும் இது பொருந்தும். லண்டனின் கிளாப்ஹாமில் 1988 டிசம்பர் 12 அன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். அகற்றாமல் விட்ட ஒரு பழைய வயர் மறுபடி தொடர்பு கொண்டு, சிக்னல் சிவப்பாக மாறாமல் தடுத்துவிட்டது. வயரை விட்ட தொழில்நுட்பப் பணியாளரோடு விசாரணை நின்றிருந்தால் முடிவு சுலபம். அவர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்பதும், வேறொருவர் வயர்களைத் தனியாக எண்ணிச் சரிபார்க்க வேண்டிய வேலை நடக்கவே இல்லை என்பதும் தெரியாமலே போயிருக்கும்.

கண்காணிக்கப்படுபவரின் மேசையிலேயே உட்காருவது

போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018இலும் 2019இலும் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, சான்றளிக்கும் வேலையில் எவ்வளவு பங்கு தயாரிப்பாளரின் ஊழியர்களிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பது பெரிய கேள்வியானது. இதற்கு எதிரான ஏற்பாடும் உலகில் உண்டு. இந்தியாவில் ரயில் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்தது 1941இல்.

அமைப்பை மாற்றுவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். எந்தப் பாலத்தைப் பார்ப்பது, தூணின் எந்தப் பக்கம் இறங்குவது என்பதை நாமே முடிவு செய்யலாம். களத்துக்கு அவர்கள் அனுப்பும் வண்டியில் போகாதீர்கள். அது அவர்கள் காட்ட நினைக்கும் இடத்தில்தான் நிற்கும்.