ஆட்டோ இன்சுலின் பம்ப் இருந்தாலும் சாப்பாட்டு போலஸ நீங்கதான் அமுக்கணும்

சென்சார்ல சுகரப் பாத்து தானா இன்சுலின் அளவ மாத்துற ஆட்டோ மோடு பம்ப் மாட்டின டைப் ஒன் சர்க்கரை நோய் ஆளுங்க நிறைய பேரு இனிமே அதுவே பாத்துக்கும்னு விட்டுடுறாங்க. ராத்திரிக்கு அது சரிதான், பேசல (நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா போற இன்சுலின) ஏத்தி இறக்கி நல்லாவே சமாளிக்கும். சாப்பாட்டுக்கு அது பத்தாது, அதுக்கு போலஸ், அதாவது சாப்பாட்டுக்குன்னு மொத்தமா விடுற இன்சுலின், நீங்கதான் போடணும். மினிமெட் 780ஜி, கண்ட்ரோல்-ஐக்யூ, ஆம்னிபாட் 5 எதுவா இருந்தாலும் நீங்க பிராட்டாவ பிச்சு வாயில வெக்கிறது அதுக்குத் தெரியாது, சென்சார்ல சுகர் ஏற ஆரம்பிச்சப்புறம்தான் முழிச்சுக்கும். நோவோரேபிட், ஹியூமலாக் மாதிரி இன்சுலின் எல்லாம் வேலைய ஆரம்பிக்கவே 10-15 நிமிஷம் ஆகும், உச்சத்துக்குப் போக 1 மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள தே தாரிக் டீயில இருக்குற கண்டென்ஸ்டு மில்க் ரத்தத்துல கலந்து முடிஞ்சிருக்கும்.

அதனால சாப்பிட 15 நிமிஷம் முன்னாடியே போலஸ். சுகர் 10-க்கு மேல (எல்லாம் mmol/L கணக்கு) நின்னா 20 நிமிஷம்கூட விடலாம். 5 பக்கத்துல இருந்து அம்புக்குறி கீழ பாத்தா, தட்டு முன்னாடி வந்தப்புறம் போட்டுட்டு உடனே சாப்பிடுங்க. 4-க்குக் கீழன்னா முதல்ல லோவ (சுகர் ரொம்பக் கொறஞ்சத) சரி பண்ணுங்க. ஃபியாஸ்ப்னு இன்னும் வேகமான இன்சுலின் போடுறவங்களுக்கு இந்த இடைவெளி இன்னும் கம்மி.

வீட்டுல ஈஸி, தோசைக்கல்லு அடுப்புல ஏறும்போது அமுக்கிடலாம். சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்லதான் (வரிசையா சாப்பாட்டுக் கடை இருக்குற இடம்) ரோதனை. தேக்காவுல ஞாயித்துக்கிழமை பிரியாணிக் கடை க்யூவ நம்பி மட்டும் போடாதீங்க லா, முன்னாடி நிக்கிறவரு சொந்தபந்தம் அத்தனைக்கும் சேத்து பொட்டலம் கட்டச் சொல்வாரு, உங்க முறை வரும்போது மட்டன் தீந்துபோச்சும்பாங்க. காசு குடுத்து ஆர்டர் உறுதியானப்புறம் அமுக்குங்க, டிஷ்யூ பாக்கெட் போட்டு 'சோப்' பண்ணாத (யாரும் இடம் புடிச்சு வெக்காத) மேசையாத் தேடி உக்கார்றதுக்குள்ள எப்படியும் பாதி நேரம் ஓடிடும்.

பிரியாணி, நாசி லெமாக் மாதிரி எண்ணெயும் தேங்காப்பாலும் உள்ளதுக்கு சுகர் 2, 3 மணி நேரம் கழிச்சும் ஏறும். அதுக்குப் பயந்து மொத்தத்தையும் முன்னாடியே கொட்டாதீங்க, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல லோ ஆகி அப்புறம் ஏறும். கார்புக்கு (மாவுச்சத்து, சர்க்கரைக்கு) உரிய போலஸ மட்டும் போட்டுட்டு மிச்சத்த பம்ப் கையில விட்டுப் பாக்குறது நல்லது, ரெண்டா பிரிச்சுப் போடலாமான்னு உங்க டயபெட்டிஸ் நர்ஸ்கிட்ட கேட்டுக்குங்க.

இப்ப முக்கியமான விஷயம், போலஸ் போட மறந்துட்டா. ஊசி போட்ட காலத்துப் பழக்கத்துல ஞாபகம் வந்ததும் முழுசாப் போடக்கூடாது, ஏன்னா சுகர் ஏறுறதப் பாத்து பம்ப் ஏற்கனவே கூடுதல் இன்சுலின் விட ஆரம்பிச்சிருக்கும், அதுமேல நீங்களும் ஊத்துனா ரெண்டும் சேந்து ஆள கீழ தள்ளிடும். சாப்பிட ஆரம்பிச்சு அரை மணி நேரம் தாண்டிருச்சுன்னா சாப்பிட்ட கார்புல பாதிய மட்டும் பம்புல பதிஞ்சு போலஸ் போடுங்க. 1 மணி நேரம் தாண்டிட்டா கார்பே வேணாம், இப்ப ஏறியிருக்குற சுகர இறக்க பம்ப் சொல்ற கரெக்‌ஷன் மட்டும் போதும். இது பொதுவான கணக்கு, உங்க பம்புக்கும் உடம்புக்கும் டாக்டர் வேற சொல்லியிருந்தா அதுதான்.

அப்படியும் லோ ஆனா, பம்ப் முன்னாடியே இன்சுலின குறைச்சிருக்கும், அதனால பெரியவங்களுக்கு 5-10 கிராம் சர்க்கரையே நிறைய நேரம் போதும், ரெண்டு குளுக்கோஸ் மாத்திரை போட்டுட்டு 15 நிமிஷம் கழிச்சு விரல்ல குத்திப் பாருங்க, ஏறலைன்னா திரும்பக் குடுங்க. இந்த சர்க்கரைய மட்டும் பம்புல கார்ப்னு பதியாதீங்க, பதிஞ்சா அதுக்கும் சேத்து போலஸ் போடச் சொல்லும்.