இம்ப்ளான்ட் பல்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பல்லைப் பிடுங்கியதும் வலி நின்றுவிடுகிறது. கடைவாய்ப்பல்தானே, சிரித்தால் தெரியாது என்று வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். முதல் தவறு இதுதான். வேர் போன இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்கும். முதல் வருடத்திலேயே அதன் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடலாம். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் அந்த இடைவெளியை நோக்கி நீளும். அப்புறம் போனால் எலும்புத்தூள் வைத்து எலும்பை வளர்த்த பிறகே இம்ப்ளான்ட், அதாவது வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஆணி, வைக்க முடியும் என்பார்கள்.

அடுத்தது, உடனே பல் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம். 1950களில் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயல் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இம்ப்ளான்ட் நிற்பது அந்த ஒட்டுதலால்தான். அதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் மாட்டுவது உண்டு, ஆனால் அதில் கடித்து மெல்லக் கூடாது.

புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் மாத்திரை, ஊசி எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

என்னை அதிகம் வருத்துவது பல் கட்டி முடிந்த பிறகு வரும் அலட்சியம். ‘இதுக்குத்தான் சொத்தையே வராதே!’ உண்மைதான், டைட்டானியம் சொத்தையாகாது. சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நம்முடையவை, அவை அழுகும். சொந்தப் பல்லின் வேரை ஈறு நார்கள் இறுகப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டில் அந்தப் பிடி கிடையாது, கிருமி சுலபமாக உள்ளே இறங்கும். பெரும்பாலும் வலியும் இருக்காது. இம்ப்ளான்ட்டே ஆடும்போதுதான் தெரியும், அப்போது காப்பாற்றுவது கஷ்டம்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். இம்ப்ளான்ட்டின் மேல் மாட்டிய பல், அதாவது தொப்பி, ஈறோடு சேரும் இடத்தில் கழுத்துபோல ஒடுங்கியிருக்கும். உணவு தங்குவது அங்கேதான். சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. பல்லிடுக்கு பிரஷ்ஷைக் கன்னப் பக்கமிருந்தும் நாக்குப் பக்கமிருந்தும் நுழைத்துத் தினமும் துடையுங்கள். அதில் அடிக்கடி ரத்தம் தெரிந்தாலோ, ஈறை அழுத்தினால் சீழ் கசிந்தாலோ, அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

தொப்பி மட்டும் லேசாக ஆடினால், அதை இம்ப்ளான்ட்டோடு பிடித்திருக்கும் உள்திருகு தளர்ந்திருக்கலாம். உடனே போனால் இறுக்கிவிடுவார்கள். அதிலேயே மென்றுகொண்டிருந்தால் திருகு உடையும்.

இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் திருகைக் கழற்ற நேர்ந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்று அதைப் பார்த்துத்தான் எடுப்பார்.