குழந்தை உங்களிடம் சொல்லிவிட்டது, அடுத்து என்ன? தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு

தாராவி, சயான் கோலிவாடா பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்தால், வருகைப் பதிவேடு எப்படி எழுதுவது, மதிய உணவுக் கணக்கு யாரிடம் கொடுப்பது என்றெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். ஒரு குழந்தை வந்து "அந்த மாமா என்னை இப்படிப் பண்றாரு டீச்சர்" என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதிகம் யாரும் சொல்வதில்லை. பாலியல் தொல்லையைப் பற்றி ஒரு குழந்தை இப்படிச் சொல்லும் நேரத்துக்காகத்தான் இந்தப் பதிவு. ஆயாம்மா, வேன் உதவியாளர், டியூஷன் அக்கா எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். விசாரிப்பது நம் வேலை இல்லை. கேட்பது, எழுதி வைப்பது, தகவல் கொடுப்பது, இவ்வளவுதான்.

1. அந்த நாள் வருவதற்கு முன்பே

மூன்று எண்களைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112, உங்கள் பள்ளி எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ அதன் எண். 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. இந்தச் சேவை 1996இல் முதலில் தொடங்கியதே நம் மும்பையில்தான்.

அப்புறம், தலைமையாசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா? போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 2020 விதிகள்படி ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் அவ்வப்போது அது நடக்க வேண்டும். புதியவர் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம்.

2. கேட்கும்போது

குழந்தைகள் நேராக விஷயத்துக்கு வரமாட்டார்கள். இடைவேளை மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வகுப்பிலேயே நிற்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறது. "டீச்சர், நான் இனிமே டியூஷனுக்குப் போகல" என்கிறது. அங்கேதான் நாம் கவனிக்க வேண்டும்.

குழந்தையின் உயரத்துக்கு உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், ஆனால் பேச்சு வெளியே கேட்க வேண்டாம். "சரிம்மா, என்ன ஆச்சுன்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அமைதி நீண்டாலும் பரவாயில்லை, நீங்களாக அதை நிரப்பாதீர்கள். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதிலை நாமே ஊட்டுவது போல ஆகிவிடும். பின்னாளில் நீதிமன்றத்தில் "டீச்சர் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளை சொல்கிறது" என்று வாதாட அதுவே இடம் கொடுக்கும். "அப்புறம்?", "அப்போ நீ எங்கே இருந்தே?" போன்ற கேள்விகள் போதும். அவசரமாகத் தெரிய வேண்டியது குழந்தை இப்போது பத்திரமாக இருக்கிறதா, இன்று மாலை அந்த ஆளிடம் திரும்பப் போக வேண்டியிருக்கிறதா என்பதுதான். அது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

"நீ ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அதிர்ச்சி உங்கள் முகத்தில் தெரிந்தால் அந்தப் பிள்ளை பாதியிலேயே வாயை மூடிக்கொள்ளும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று கெஞ்சும்போது மனம் இளகத்தான் செய்யும். ஆனாலும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "எல்லார்கிட்டயும் சொல்லமாட்டேன் கண்ணு. உன்னைப் பத்திரமா வெச்சுக்க உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். நீ என்கிட்ட சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள்.

3. எழுதி வைப்பது

குழந்தை போனதும் உடனே எழுதுங்கள், மாலை வரை தள்ளிப்போடாதீர்கள். தேதி, நேரம், இடம், குழந்தை சொன்னது, நீங்கள் கேட்ட கேள்வி. நம் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து பேசுவார்கள். அதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். "பயந்துபோயிருந்தாள்" என்பதைவிட "பேசும்போது பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்" என்பது நல்ல குறிப்பு. கீழே கையெழுத்து.

குழந்தையைப் படம் பிடிப்பது, போனில் பதிவு செய்வது, ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது எதுவும் வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது போக்சோ சட்டத்தில் தனிக் குற்றம்.

4. தகவல் கொடுப்பது

பலரும் தடுமாறுவது இங்கேதான். தலைமையாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் அதோடு உங்கள் கடமை முடிவதில்லை. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், எவராக இருந்தாலும் காவல் நிலையத்திலோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும். குற்றம் தெரிந்தும் தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் 1 வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆதாரம் தேடித் தருவது உங்கள் பொறுப்பு இல்லை.

"பொம்பளப் பிள்ளை விஷயம், ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும், நமக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று பெரியவர்கள் வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் ஒரே சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கும்போது அந்த அழுத்தம் பெரிது. மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் புகாரை நிறுத்தாதீர்கள். சந்தேகத்துக்குரியவர் அதே வீட்டில் இருந்தால் வீட்டுக்குப் போன் செய்யும் முன் 1098இல் பேசுங்கள். அந்த ஆளை நீங்களே கூப்பிட்டுக் கேட்கவே வேண்டாம்.

"இது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். நீங்கள் சொன்னதை எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். மராத்தியில் எழுதுவது குழந்தைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் தாய்க்குத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும், எடுத்துச் சொல்லுங்கள்.

5. காயமோ வலியோ இருந்தால்

தாராவிக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை. அவசரச் சிகிச்சைக்கு முன் எஃப்ஐஆர் நகலோ வேறு காகிதமோ கேட்கக் கூடாது. சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டவோ உடுப்பைத் துவைக்கவோ வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

6. மறுநாள்

குழந்தை வகுப்புக்கு வந்தால் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்றால் சில நாள் விட்டுவிடுங்கள். மறுபடி எதையும் கேட்காதீர்கள், தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வழக்கு முடியும் வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். பெற்றோரை அதைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சாட்சியாக அழைப்பு வரும் நாளில் அது தேவைப்படும்.