உடையை வைத்து ஆளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டு முகப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு எப்போதும் உண்டு: உள்ளே நுழைகிறவரின் சேலையையும் வேட்டியையும் பார்த்து, 'இவர் சிக்கனக்காரர், அவர் பகட்டுக்காரர்' என்று தீர்ப்புச் சொல்வது. உடைக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால், உடுத்தியவருக்குத் தாமே தேர்ந்தெடுக்க எவ்வளவு இடம் இருந்தது என்று பாராமல் சொல்லும் கணிப்பு பெரும்பாலும் பிழையாகிறது.

மரபைத் தனிமனித விருப்பமாக எடுத்துக்கொள்வதுதான் இவற்றுள் பெரிய தவறு. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டு மணப்பெண்ணின் கழுத்தில் கனத்துத் தொங்கும் கழுத்திருவைக் கண்டு, பெண் நகைப் பித்துப் பிடித்தவள் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். அதுவோ திருமணத்திலும் பின்னர் அறுபதாம் கல்யாணத்திலும் பூணும் சடங்கு அணி. காரைக்குடிக் கண்டாங்கியும் அப்படியே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையின் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகிய அடர்நிறங்களும், கட்டங்களும், அகன்ற கரையும் நெசவு வழக்கத்திலிருந்து வந்தவை. அடர்நிறம் உடுத்துபவர் துணிச்சல்காரர் என்றால், பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டிய அந்தக் கால ஆச்சிமார் அத்தனை பேரும் ஒரே குணத்தினராக இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் மாமியார் மருமகள் சண்டையே வந்திருக்காது!

'நீல நிறம் பிடித்தவர் அமைதியானவர்' என்பது போன்ற பலன்களை நம்புவதும் தவறு. உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1949-இல் வெளியிட்ட ஆய்வில், தம் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணக்குறிப்பைத் தனித்தனியே எழுதியது போலக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் கொடுத்தார்கள். குறிப்பின் பெரும்பகுதி சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. யாருக்கும் பொருந்துவதை நமக்கே எழுதியதாக ஏற்றுக்கொள்வது மனித இயல்பு.

பணத்தைக் குணத்தோடு குழப்புவதும் உண்டு. ஒருவர் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரே பழைய சேலையில் வருகிறார். கொசுவத்தின் அடியில், பாதத்தில் உரசி நைந்த கரையில், அதே நிற நூலால் இழை தெரியாமல் தைத்திருக்கிறது. வறுமையா, கஞ்சத்தனமா, அப்பத்தா விட்டுச்சென்ற சேலை என்ற பாசமா? மூன்றும் இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஒழியத் தெரியாது. தையலின் நேர்த்தியிலிருந்து, தைத்தவர் பொறுமைசாலி என்று மட்டும் துணிந்து சொல்லலாம். தைத்தவர் அவர்தானா என்பது வேறு கேள்வி.

வேடத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. பள்ளி மாறுவேடப் போட்டியில் கறுப்புக் கோட்டும் முண்டாசும் மையால் வரைந்த மீசையுமாக நிற்கும் பாரதியார் (அவர் 1919-இல் காரைக்குடிக்கே வந்து படம் எடுத்துக்கொண்டவர் என்பதால் இங்கே அந்த வேடத்துக்குத் தனி மவுசு) பெரும்பாலும் அம்மாவின் ஆசையைத்தான் காட்டுகிறார். பிள்ளைக்கோ மீசை அரிக்கிறது. பெண் பார்க்கும் நாளில் கட்டிவரும் பட்டுச்சேலையும் அப்படித்தான்: அத்தையோ சித்தியோ எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

உடம்பு சொல்வதை உடை சொன்னதாக நினைப்பது இன்னொரு பிழை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறியாதவர்களின் முழு உருவப் படங்களைப் பார்த்தவர்கள், அவர்கள் கலகலப்பானவர்களா என்பதை ஓரளவு சரியாகவே கணித்தார்கள். சொன்னபடி நின்ற படங்களைவிட இயல்பாக நின்ற படங்களில் கூடுதலான குணங்களைக் கண்டுகொண்டார்கள். ஆகவே பந்தியில் ஒருவரைக் கவனிப்பதானால், சட்டையின் விலையை விட்டுவிட்டு, பரிமாறுகிறவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பது மேல்.