அபூர்வமான குடும்பப் பெயரின் வேரைத் தேடுகிறீர்களா? டெல்டாவில் பலரும் செய்யும் தவறுகள்

என் தாத்தா பெயருக்குப் பின்னால் பல்லவராயர் என்று இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பட்டம் உள்ள வீடுகள் மூன்றே மூன்று. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் பல்லவராயன்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயில் கல்வெட்டு ஒரு பல்லவராயரைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. 12ஆம் நூற்றாண்டில், சோழ அரசுக்கு வாரிசுச் சிக்கல் வந்தபோது சின்னப் பிள்ளைகளாக இருந்த இளவரசர்களைப் பத்திரமாக அழைத்துப் போய்க் காத்தவர் அவர். இரண்டாம் ராஜாதிராஜன் பட்டத்துக்கு வரக் காரணமாக இருந்தவர். அவர் நோயில் இறந்த பிறகு அவருடைய குடும்பத்தாருக்கு நிலம் விட்ட விவரமும் அதில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரி, நம் முன்னோர் இவர்தான் என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

அது தவறு. தவறு என்று புரிய ஏழு வருஷம் ஆனது. பெயரின் வேரைத் தேடுகிற மற்றவர்களுக்கும் அந்த ஏழு வருஷம் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்டம் வேறு, வம்சம் வேறு

முதல் தவறு, பட்டத்தை ரத்த உறவாக எடுத்துக்கொள்வது. பல்லவராயர் என்றதும் பல்லவ அரச குலம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கல்வெட்டில் வருபவரின் சொந்தப் பெயர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பி. ஊர் தொண்டை மண்டலத்துக் காரிகைக் குளத்தூர். பல்லவராயர் என்பது சோழ அரசில் அவருக்கு இருந்த பட்டம். அதே பட்டம் வேறு வேறு மன்னர்கள் காலத்தில் வேறு வேறு அதிகாரிகளுக்கும் இருந்தது. மூவேந்தவேளான், பிரம்மராயன், விழுப்பரையன், காலிங்கராயன், தொண்டைமான் எல்லாமே இப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய சேனாபதி கிருஷ்ணன் ராமன். மும்முடிச்சோழ பிரம்மராயன் என்பது ராஜராஜன் காலத்தில் அவர் பெற்ற பட்டம். பட்டத்தின் முன்பகுதியில் அந்தந்த மன்னரின் பெயர் ஒட்டிக்கொள்வதும் வழக்கம்.

சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் 1978ல் மூன்று தொகுதிகளாகத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பட்டத்தை அதில் தேடிப் பாருங்கள். ஒருவர் கிடைப்பார் என்று எதிர்பார்த்துப் போனால் பலர் வந்து நிற்பார்கள். அதில் யாரை நம் பாட்டன் என்று சொல்வது?

இன்னொன்றும் உண்டு. ஒரே பட்டம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சமூகங்களில் இருக்கும். மூப்பனார், உடையார், பல்லவராயர், நாட்டார் எல்லாம் அப்படிப்பட்டவை. கபிஸ்தலத்து மூப்பனாரையும் வேறு ஊர் மூப்பனாரையும் பெயரை வைத்து மட்டும் பங்காளி ஆக்கிவிட முடியாது. பங்காளியா இல்லையா என்று பார்க்க ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது: குலதெய்வம் எது, சாவு விழுந்தால் தீட்டு யார் யாருக்கு? தீட்டு காக்கிற வீடுகள்தான் பங்காளி வீடுகள். பட்டம் ஒன்றாக இருந்து தீட்டு இல்லை என்றால் அது வேறு கிளை, அல்லது வேறு குடும்பமே.

மூலப்பத்திரம் சொன்னது

சரி, எனக்கு எங்கே உடைந்தது என்று சொல்கிறேன். சித்தப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் நன்செய் நிலத்துக்கான மூலப்பத்திரம் ஒன்று இருந்தது. முத்திரைத்தாள் பழுத்து, மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. அடியில் துணி ஒட்டி வைத்திருந்தார்கள். ‘பிரபவ வருஷம் ஆடி மாதம், பசலி 1337’ என்று தொடங்கி, தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா, கிராமம் என்று போய், எழுதிக் கொடுத்தவர் பெயர் வரும் இடத்தில் என் கொள்ளுத்தாத்தா பெயர். அதற்கு முன்னால் தகப்பனார் பெயர், அதை அடுத்து ‘சுவீகார புத்திரர்’ என்று இரண்டு சொல்.

பலமுறை அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்திருக்கிறேன். அந்த இரண்டு சொல்லையும் படித்ததில்லை. பட்டம் இருக்கிறதா என்று மட்டும்தான் கண் தேடியது. கொள்ளுத்தாத்தா பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரம், அதாவது தத்து, போனவர். பல்லவராயர் என்ற பட்டம் அந்த வீட்டுடையது. அவர் பிறந்த வீட்டுக்கு வேறு பட்டம்.

டெல்டாவில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் சுவீகாரம் சாதாரணமாக நடந்த விஷயம். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் மாமனார் வீட்டின் பெயரால் அழைக்கப்பட்டவர்களும் உண்டு. அதனால் மேலே இருந்து, அதாவது சோழரிலிருந்து இறங்கி வராதீர்கள். உங்களிடமிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், தாத்தாவின் பட்டா, அவர் அப்பாவின் பத்திரம். ஒரு படி ஆவணத்தில் நிற்காமல் அடுத்த படிக்குக் கால் வைக்காதீர்கள்.

பத்திரம் படிக்கும்போது வருஷத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான வருஷம். அதோடு 590 கூட்டினால் நம் ஆண்டு வரும். பசலி ஜூலையில் பிறக்கும். 1337 என்றால் 1927 ஜூலை முதல் 1928 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் ஆபத்து. பிரபவ 1867லும் வரும், 1927லும் வரும், 1987லும் வரும். 60 வருஷம் பிசகினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். முதல் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் உள்ள ஊரில் இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜில்லாவையும் கவனியுங்கள். ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று பழைய தாளில் இருந்தால், அந்தக் கிராமம் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கலாம் (1991ல் பிரிந்தது), திருவாரூரில் இருக்கலாம் (1997), மயிலாடுதுறையில் இருக்கலாம் (2020). மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர் என்பது நமக்குத் தெரியும். டர்பனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ தேடி வருகிறவருக்குத் தெரியாது.

பெயரில் ஊர் இருந்தால்

முன்னால் நிற்கும் ஊர்ப்பெயரைப் பிறந்த ஊராக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908ல் பிறந்தது திருக்கோடிக்காவலில், தாய்மாமன் ஊரில். பாபநாசம் சிவன் பிறந்தது போலகத்தில். பிரபலமானவர்களுக்கே இப்படி என்றால், சாதாரணக் குடும்பத்தில் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர் பூர்வீகமாகவும் இருக்கலாம், வாக்கப்பட்ட ஊராகவும் இருக்கலாம், நாலு வருஷம் கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்த ஊராகவும் இருக்கலாம்.

சொல்லைப் பிரித்து அர்த்தம் கண்டுபிடிப்பதும் இதே ரகம். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உள்ள மரைக்காயர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கலத்திலிருந்து வந்தது என்பார் ஒருவர். கப்பலைக் குறிக்கும் ‘மர்க்கப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் ஆள் உண்டு. உங்கள் குடும்ப வரலாற்றில் இரண்டையும் எழுதுங்கள். பிடித்த ஒன்றை மட்டும் எழுதி முடிவு கட்டிவிடாதீர்கள். தஞ்சை மராத்தியக் குடும்பத்தார் என்றால் ஓசையை வைத்து ஊகிக்கவே தேவையில்லை. 1676 முதல் 1855 வரை நடந்த அந்த ஆட்சியின் மோடி எழுத்து (மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) ஆவணங்கள் தஞ்சையிலேயே இருக்கின்றன.

காரைக்காலில் ஒரு பிரெஞ்சுப் பெயர்

அரசலாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது காரைக்கால். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954ல் நம்மோடு சேர்ந்த ஊர். அங்கே முழுக்க முழுக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருக்கும். பார்த்த உடனே, யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் முன்னோராக இருந்திருப்பார் என்று வெளியூர்க்காரர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே சில சமயம் அப்படி நம்புகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இதுதான், ஏனென்றால் உண்மையான கதை இதைவிடப் பெரியது.

1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இந்துச் சட்டம், சாதி வழக்கம் போன்ற சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர் வரலாம். வந்தால் ஒரு குடும்பப் பெயர் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அது அவர் பிள்ளைகளுக்கும் தொடரும், திரும்பப் பெற முடியாது. கிறிஸ்தவர்களும், ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களும் இதில் அதிகம் சேர்ந்தார்கள். அதில் முன்னால் நின்றவர் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காக எழுந்த வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் ‘கதவு’ என்று அர்த்தம். சாதியைச் சொல்லாத ஒரு பெயருக்காகக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் இவை. அதைச் சிப்பாய்க் கதையாக்குவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தேடும் முறையும் இங்கே மாறும். 1881க்கு முன்னால் அந்தப் பிரெஞ்சுப் பெயரைத் தேடினால் கிடைக்காது. பெயர் மாறிய பதிவைக் கண்டுபிடித்து, அதில் உள்ள பழைய தமிழ்ப் பெயரைக் கொண்டு பின்னால் போக வேண்டும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலும் பழக வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஏடுகளில் ‘புல்லே’ ஆகியிருப்பார்.

கப்பலில் போன பெயர்களுக்கும் இதேதான். கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் வசம் உள்ள குவாதலூப் தீவில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடியவர் ஆன்ரி சிதம்பரோம். சிதம்பரம் என்பது ஊரின் பெயர் மட்டுமா? ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயரும்கூட. தனிப் பெயர் மட்டும் வைத்திருந்த மனிதர் தோட்டத்தில் இறங்கியபோது, அந்த ஒற்றைப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோனது. அதனால் சிதம்பரோம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு ரயிலேறிச் சிதம்பரம் போய்த் தேடுவது வீண். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் வரை உண்டு. பெயரின் எழுத்துக்கூட்டல் பத்து விதமாக மாறும். எண் மாறாது. எண்ணைப் பிடியுங்கள்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர்?

குடும்பப் பெயரைத் தட்டினால் உலகில் இத்தனை ஆயிரம் பேர் என்று காட்டும் இணையதளங்களை நம் பெயர்களுக்கு நம்பாதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போடுகிறோம். அந்தக் கணக்குப்படி முருகேசனும் கலியபெருமாளும் குடும்பப் பெயர்கள் ஆகிவிடுகின்றன. உண்மையான பட்டமோ ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாலைந்தாகச் சிதறி, ஒவ்வொன்றும் அபூர்வம் போலத் தெரிகிறது. வாண்டையார் என்பதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது. தனிநபர் விவரங்களை வெளியே காட்டக்கூடாது என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம்.

ஒரு பெயர் ஆவணத்தில் இல்லாமல் போனால் குடும்பமே அற்றுப்போனது என்று எழுதிவிடவும் கூடாது. 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தஞ்சை ஜில்லாவில் அந்த இயக்கம் வேர் விட்ட ஊர்கள் நிறைய. தாத்தா பத்திரத்தில் பட்டம் இருக்கும், அப்பா பள்ளிச் சான்றிதழில் இருக்காது, கல்யாணப் பத்திரிகையில் மட்டும் திரும்ப வரும். எண்ண வேண்டும் என்றால் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் உபயப் பலகை, மண்டகப்படி வரிசை இவற்றை எண்ணுங்கள். அப்புறம் வாக்காளர் பட்டியல்.

கடைசியாக ஒன்று. நான் ஏழு வருஷமும் ஆண்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா, சித்தப்பா, கோயில் தர்மகர்த்தா, முன்னாள் கர்ணத்தின் பிள்ளை. பத்திரத்தில் சுவீகாரம் என்று படித்த பிறகு ஒருநாள் நீடாமங்கலத்தில் இருக்கும் அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. “ஆமா தம்பி, எங்க அப்பாயி சொல்லிருக்கு. அவரு பொறந்த வீடு வலங்கைமான் பக்கம். அந்த வீட்டுக்கு நாங்க பொண்ணு குடுக்க மாட்டோம், எடுக்கவும் மாட்டோம், பங்காளி முறையாச்சே.” கொண்டான் கொடுத்தான் கணக்கு முழுக்க அவர் தலையில் இருந்தது. எந்த வீட்டுக்கு என்ன பட்டம், எந்த வீடு எந்த ஊரிலிருந்து வந்தது, எல்லாம். அவருக்கு இப்போது 88 வயது. வரும் தை மாதம் ஒரு கோடு போட்ட நோட்டோடு போய் பத்து நாள் தங்கப்போகிறேன்.