தெருநாய்க்குட்டிய வீட்டுக்கு தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி, தூக்கிட்டு வந்ததுக்கு அப்புறம்

போன வாரம் சொந்தக்காரப் பையன் போன் பண்ணான். "அண்ணே, காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல சாக்கடை ஓரமா குட்டி ஒன்னு கத்திக்கிட்டு கெடந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன், இப்ப என்ன செய்யன்னே?" நான் சொன்னேன், தூக்குன எடத்துலயே கொண்டு போய் வைய்யி, வச்சிட்டு தள்ளி நின்னு பாருன்னு. அவனுக்கு கோவம், ஈவு இரக்கமே இல்லையான்னு கேட்டான். மாசத்துக்கு ரெண்டு பேராவது இதே கேள்விய கேக்குறாங்க, அதான் எழுதியே வச்சுர்றேன்.

மொத மொத நானும் இதே தப்ப தான் பண்ணேன். பள்ளத்தூர்ல பூட்டிக் கெடந்த ஒரு பெரிய வீட்டுக்கு பின்னால, கண்ணு கூட தொறக்காத குட்டி, எறும்பு ஊறிக்கிட்டு இருந்துச்சு, யோசிக்காம துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி ஒம்பது மணிக்கு எதிர்வீட்டு ஆச்சி வந்து, "தம்பி, அந்த பொட்ட நாயி தெரு முழுக்க அழுதுக்கிட்டே திரியுது, நீங்க தூக்குனதா சொல்றாக, குடுத்துருங்க"ன்னாக. கொண்டு போய் வச்சேன், அஞ்சு நிமிசத்துல தாய் வந்து கவ்விக்கிட்டு போயிருச்சு. மனுசன் கை பட்டா தாய் சேக்காதுன்னு சொல்றதெல்லாம் சும்மா. தாய் எரை தேடப் போகும், எடம் மாத்தும்போது ஒவ்வொன்னா தூக்கிட்டுப் போகும், நடுவுல ஒன்னு தனியா கெடக்குறத நாம பாத்துட்டு அனாதைன்னு நெனச்சிக்கிறோம். அதனால தனியா கெடக்குற குட்டிய பாத்தா, அதுக்கு காயம் இல்ல, உடம்பு சில்லுன்னு இல்லன்னா, வெயில் படாத எடத்துல, வண்டி ஏறாத எடத்துல நகத்தி வச்சுட்டு ரெண்டு மூணு மணி நேரம் தூரத்துல இருந்து பாருங்க. நீங்க பக்கத்துலயே நின்னா தாய் வராது. தாய் ரோட்டுல அடிபட்டு செத்துருச்சுன்னு தெரிஞ்சாலோ, நேரம் போயும் வரலன்னாலோ, அப்ப தூக்குங்க.

பெரிய நாய்க்கும் இதே கதை தான். நம்ம பக்கம் தெருநாய்னா முக்காவாசி அந்த தெரு நாய். ஒரு வீட்ல பழைய சோறு, டீக்கடைல பொறை, பூட்டுன வீட்டு திண்ணைல தூக்கம்னு அதுக்கு ஒரு வாழ்க்கை இருக்கு. காது நுனில ஒரு வெட்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா கருத்தடை பண்ணி, வெறிநாய் தடுப்பூசி போட்டு, திரும்ப அதே எடத்துல விட்ட நாய்னு அர்த்தம். தெருநாய் கருத்தடைக்குன்னு இருக்குற 2023 ஏபிசி ரூல்ஸ் படி பொதுவா புடிச்ச எடத்துலயே தான் விடணும், நம்ம இஷ்டத்துக்கு வேற ஊர்ல கொண்டு போய் எறக்கக் கூடாது. நல்லா தின்னுட்டு நல்லா தூங்குற நாய வீட்டுக்குள்ள அடைச்சு வைக்கிறதுக்கு பேரு ரெஸ்க்யூ இல்ல. அடிபட்டது, புழு வச்சது, சொறி புடிச்சு முடி கொட்டுனது, தாயில்லாத குட்டி, வீட்ல வளத்து தெருவுல விட்டுட்டு போனது, இதுங்களுக்கு தான் நாம வேணும்.

இதுல கடைசியா சொன்னது நம்ம ஊர்ல ரொம்ப நடக்குது. கல்யாணத்துக்கோ, முன்னோருக்கு வைக்கிற படைப்புக்கோ சென்னைல இருந்து வந்து பத்து நாள் தங்குவாங்க, பிள்ளைங்க ஆசைக்கு தெருக்குட்டி ஒன்னு முகப்புக்குள்ள வந்துரும், பாலு, பேரு, போட்டோ எல்லாம் நடக்கும், பதினோராவது நாள் வீட்ட பூட்டிட்டு கார்ல ஏறிருவாங்க. அந்த குட்டி கதவுக்கு முன்னாடியே உக்காந்து கெடக்கும், தெருவுல இருக்குற மத்த நாய்ங்களும் அத சேக்காது. பத்து நாளைக்கு வர்றவங்க தயவு செஞ்சு திண்ணையோட நிறுத்திக்கங்க.

சரி, தூக்கியே ஆகணும்னு முடிவு பண்ணியாச்சு. எப்படி புடிக்கிறது? ஓடி வெரட்டாதீங்க. ஒக்காந்துக்கங்க, பக்கவாட்டுல திரும்பிக்கங்க, அவிச்ச முட்டையோ கோழி ஈரலோ தூக்கி போடுங்க, பிஸ்கட்ட விட ஈரலுக்கு தான் வரும். அடிபட்ட நாய் எவ்வளவு சாதுவா இருந்தாலும் வலில கடிக்கும், அதனால மொதல்ல ஒரு துண்ட போட்டு கண்ண மூடுங்க. வேட்டி ஓரத்துல ரெண்டு மூணு மொழம் கிழிச்சு, வாய்க்கு மேல ஒரு சுத்து, தாடைக்கு கீழ குறுக்க ஒரு சுத்து, காதுக்கு பின்னாடி ஒரு முடிச்சு, அவ்ளோ தான் வாய்க்கட்டு. மூச்சு வாங்குற நாய்க்கு, வாந்தி எடுக்குற நாய்க்கு மட்டும் இத கட்டக் கூடாது. தூக்கும்போது கால புடிச்சு தூக்காதீங்க, கோரப்பாய அடில தள்ளி ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு தூக்குங்க, முதுகெலும்பு ஒடஞ்சிருந்தா ஆடக் கூடாது. மயங்கி கெடக்குறதுக்கு வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, நொரையீரலுக்கு போயிரும்.

ஒன்னே ஒன்னு பெரிய எழுத்துல சொல்றேன்னு வச்சுக்கங்க. தாடை தொங்கி, எச்சி ஒழுகி, கொரல் மாறி, பின்னங்கால் தள்ளாடுற நாய பாத்தா "தொண்டைல எலும்பு சிக்கிருச்சு பாவம்"னு வாய்க்குள்ள கைய விடாதீங்க. அது வெறிநோயா இருக்கலாம். எல்லா வெறிநாயும் வெரட்டி கடிக்காது, சிலது இப்படி அமைதியா வாய தொறந்துக்கிட்டு ஒரு மூலைல உக்காந்துருக்கும். தள்ளி நின்னு, பிள்ளைங்கள உள்ள அனுப்பிட்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்கும் நகராட்சி, பஞ்சாயத்து ஆபீசுக்கும் சொல்லுங்க. கடியோ நகக்கீறலோ பட்டா, சின்ன குட்டி தானேன்னு விடாம, பைப்ப தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போகணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில தோல்ல போடுற ஊசி 0, 3, 7, 28ன்னு நாலு நாள் கணக்கு, மொத ஊசியோட நிறுத்துறவங்க தான் நெறைய, நிறுத்தாதீங்க. ரத்தம் வர்ற மாதிரி கடிச்சிருந்தா காயத்த சுத்தி போடுற இம்யூனோகுளோபுலின் ஊசி வேணுமான்னும் கேளுங்க. அடிக்கடி நாய் தூக்குற ஆளா இருந்தா கடி படுறதுக்கு முன்னாடியே போட்டுக்கிற தடுப்பூசி இருக்கு, நான் போட்டுக்கிட்டேன்.

டாக்டர்ட்ட கொண்டு போற வரைக்கும் செய்யக் கூடாத கை வைத்தியம் சிலது இருக்கு. சொறிக்கு பழைய எஞ்சின் ஆயில் தடவுறது நம்ம ஊர் ஒர்க் ஷாப் வழக்கம், நாய் நக்கியே அந்த வெசம் உள்ள போகும், தோலும் வெந்துரும். புழு வச்ச காயத்துல பெட்ரோல், பினாயில் ஊத்துறதும் அப்படி தான். பாராசிட்டமால், புரூபன் மாதிரி மனுச மாத்திரைய அரை மாத்திரை கூட குடுக்காதீங்க. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962, போட்டு கேட்டுப் பாருங்க. எலும்பு முறிவுக்கு ஆபரேசன்னா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ தான் போக வேண்டி வரும், அதுக்கு வண்டி வாடகை, ரெண்டு ஆள், ஒரு நாள் லீவு எல்லாம் கணக்கு போட்டுக்கங்க.

தாயில்லாத குட்டிக்கு வருவோம். கண்ணு தொறக்கலன்னா ரெண்டு வாரத்துக்குள்ள உள்ளது. தொட்டுப் பாத்து சில்லுன்னு இருந்தா மொதல்ல சூடு, அப்புறம் தான் பாலு. வெந்நீர் பாட்டில துணில சுத்தி பக்கத்துல வைங்க, உடம்பு சூடேறாம பால் குடுத்தா செமிக்காது, செத்துரும். பசும்பால் பேதி ஆக்கும், மெடிக்கல்லயோ பெட் ஷாப்லயோ நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் கெடைக்கும், அத கலந்து ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராத்திரியும் சேத்து தான். கொழந்தைக்கு குடுக்குற மாதிரி மல்லாக்க படுக்க வச்சு ஊட்டாதீங்க, குப்புற படுக்க வச்சு தலைய லேசா தூக்கி குடுக்கணும். குடிச்சதும் ஈரப் பஞ்சால அடிப்பக்கம் தடவி விட்டா தான் ஒன்னுக்கு ரெண்டுக்கு போகும், தாய் நக்குற வேலைய நாம தான் செய்யணும். நாலு வாரம் ஆச்சுன்னா கொழைஞ்ச சோத்துல கோழித்தண்ணி ஊத்தி பெசஞ்சு பழக்கலாம்.

ஊசி கணக்கு இது. குடல்புழு மருந்து ரெண்டு வாரக் குட்டில இருந்தே ஆரம்பிக்கலாம், டாக்டர் எடை போட்டு சொல்லுவாரு. ஒன்றரை மாசத்துல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள பல நோய்க்கும் சேத்து போடுற செவன் இன் ஒன்னோ நைன் இன் ஒன்னோ மொத ஊசி, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா பூஸ்டர், நாலு மாசம் ஆகுற வரைக்கும். மூணு மாசத்துல வெறிநாய் ஊசி, பூஸ்டர், அப்புறம் வருசா வருசம். இது முடியுற வரைக்கும் குட்டிய தெருவுல எறக்காதீங்க, ஆஸ்பத்திரி தரைல கூட விடாதீங்க, மடிலயே வச்சிருங்க. பார்வோன்னு ஒரு வைரஸ், மண்ணுல மாசக் கணக்குல இருக்கும், ரத்தமா பேதி போய், ஒரு மாதிரி வாடை அடிச்சு, ரெண்டு நாள்ல குட்டி சுருண்டுரும். வீட்ல வேற நாய் இருந்தா புதுசா வந்தத ரெண்டு வாரம் தனியா வைங்க.

இப்ப வீடு. நம்ம ஊர்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு, வீடு ஒருத்தருக்கு மட்டும் சொந்தமா இருக்காது. வளவுல ரூம் ரூமா பங்கு இருக்கும், பங்காளி ஒருத்தர் திருச்சில, ஒருத்தர் சிங்கப்பூர்ல, திடீர்னு படைப்புக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க, "நாய் எப்ப வந்துச்சு"ம்பாங்க. மொதல்லயே எல்லார்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க, சாமி வீட்டுப் பக்கம் வராது, பின்கட்டுல தான் இருக்கும்னு சொல்லிருங்க. அப்படி கேக்காம விட்டு ஒரு நல்ல நாய் மறுபடி தெருவுக்கு போனத நான் பாத்துருக்கேன். வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்ட்ட.

அப்புறம் தரை. சிரிக்காதீங்க. எங்க செம்பி ஊருணிக் கரைல சொறியோட கெடந்தவ, மூணு மாச வைத்தியத்துக்கு அப்புறம் மொத தடவை ஆத்தங்குடி கல்லு பதிச்ச பட்டாலைல (கூடத்துல) கால வச்சா, நாலு காலும் நாலு தெசைக்கு போயிருச்சு. அப்படியே வயித்த தரைல ஒட்டிக்கிட்டு, நகத்தால கல்ல புடிக்கப் பாத்து கிறீச் கிறீச்னு சத்தம், கண்ணு மட்டும் என்னையே பாக்குது. வருசக் கணக்கா தேய்ச்சு தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆன கல்லு, மண்ணுலயே நடந்த நாய்க்கு அது பனிக்கட்டி தான். வளர்ற குட்டிக்கு இப்படி வழுக்கிக்கிட்டே இருந்தா இடுப்பு மூட்டுக்கு கெடுதல். வாசல்ல இருந்து அது படுக்குற எடம் வரைக்கும் சாக்கு விரிச்சு ஒரு பாதை போட்டேன், தினம் ஒரு சாக்க தள்ளி போட்டேன், ஒரு மாசத்துல பழகிட்டா. இன்னைக்கும் பட்டாலைய தாண்டும்போது மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி தான் நடப்பா.

மொத ரெண்டு மூணு நாள் பெரிய நாய் சரியா தின்னாம ஒரு மூலைல ஒளிஞ்சு கெடந்தா பயப்படாதீங்க, பக்கத்துல போய் கொஞ்சவும் வேணாம். ஒரே எடத்துல தண்ணி, ஒரே நேரத்துக்கு சாப்பாடு, ஒரே ஆள். சங்கிலில நாள் முழுக்க கட்டிப் போட்டா கடிக்கிற நாய் தான் வளரும். சாப்பாட்டுக்கு உப்பு, காரம் போடாம கோழி, சோறு, முட்டை, தயிர் போதும், நம்ம வீட்டு கொழம்புல இருக்குற வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, திராட்சையும் சாக்லேட்டும் வெசம், வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி ஒடஞ்சு கொடல்ல குத்தும். விருந்து முடிஞ்சு எச்சி எலையோட கொட்டுறது பாசம் இல்ல. கோடைல உண்ணி பாருங்க, காதுக்குள்ள, விரலுக்கு நடுவுல. ஈறு வெளுத்து, சாப்பிடாம, மூக்குல ரத்தம் வந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னைக்கே ஓடுங்க. மாசி பங்குனி முத்துமாரியம்மன் திருவிழா, தீபாவளி வெடின்னு சத்தம் வர்ற நாள்ல உள் ரூம்ல வச்சு கதவ சாத்துங்க, காணாமப் போற நாய்ல நெறைய அந்த ரெண்டு மூணு நாள்ல தான் போகுது.

தெருவுல எடுக்காம ஷெல்டர்ல இருந்தே எடுக்கணும்னா ரொம்ப நல்லது, சென்னை கிண்டி புளூ கிராஸ் மாதிரி எடத்துல நூத்துக்கணக்குல காத்துக்கிட்டு இருக்கு. குட்டி தான் வேணும்னு நிக்காதீங்க, ரெண்டு மூணு வயசு நாயோட கொணம் தெரிஞ்சிரும், ஊசியும் கருத்தடையும் அனேகமா முடிஞ்சிருக்கும். கோழி, பூனை, சின்ன பிள்ளைங்கள கண்டா என்ன பண்ணும், முன்னாடி யாரும் எடுத்து திருப்பி விட்டாங்களா, ஏன் விட்டாங்கன்னு கேளுங்க. கொண்டு வர்றதுக்கு சென்னை-காரைக்குடி பல்லவன் ரயில நம்பாதீங்க, அதுல உக்கார்ற பெட்டில நாய ஏத்த விட மாட்டாங்க, கார்டு பெட்டி கூண்டுல தான் போடணும், பயந்த நாய்க்கு அது நரகம். ராத்திரி கார்ல கொண்டு வாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி சாப்பாடு கம்மியா குடுங்க.

நீங்களே வேற வீட்டுக்கு குட்டி குடுக்குறதா இருந்தா, தோப்புக் காவலுக்குன்னு கேக்குறவங்களுக்கு நான் குடுக்குறதில்ல, அங்க சங்கிலியும் தேங்காய் மட்டையும் தான் அதுக்கு உலகம். பொட்டக்குட்டி வேணாம்னு சொல்றவங்க தான் எல்லாரும். வருசத்துக்கு ரெண்டு ஈத்து வருமேங்கிற பயம், ஆறு மாசம் வாக்குல கருத்தடை பண்ணிட்டா அந்த பயமே இல்ல, நானே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறேன்னு சொன்னா பாதிப் பேரு எடுத்துக்கிறாங்க. சொன்ன மாதிரி கூட்டிட்டும் போயிரணும். எங்க வீட்டு தினசரி காலண்டர்ல நல்ல நேரம் பக்கத்துல பேனாவால குறிச்சு வச்சிருப்பேன், செம்பி வெறிநாய் ஊசி, கோட்டையூர் கருப்பன் பூஸ்டர், அந்த பையன் தூக்குன குட்டிக்கு மட்டும் எதுவும் குறிக்கல, அன்னைக்கு சாயங்காலமே தாய் வந்து எடுத்துட்டுப் போயிருச்சாம்.