மாதம் 10 வெள்ளி சிம் எடுக்கும் முன்

சிங்கப்பூரில் இப்போது மாதம் 10 வெள்ளிக்கே, அதாவது 10 சிங்கப்பூர் டாலருக்கே, சிம் கிடைக்கிறது, 100 ஜிபி, 200 ஜிபி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு எங்கள் குடும்பத்தில் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எதுல டேட்டா அதிகம்?" அம்மா, மாமியார், தம்பி, தங்குவிடுதியில் இருக்கும் சித்தப்பா மகன், வீட்டுக்காரர், நான் என்று ஆறு சிம்களை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், டேட்டாவைக் கடைசியில் பாருங்கள். வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா, அழைப்பு ஒழுங்காகப் போகிறதா, உங்கள் நம்பர் பத்திரமாக இருக்குமா, முதலில் இதெல்லாம்.

டேட்டா கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போனால் மொபைல் டேட்டா எவ்வளவு செலவானது என்று மாதவாரியாகவே காட்டும். ஐபோன் கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து மொத்தமாகக் காட்டும், அதனால் இன்றைக்கு ரீசெட் செய்துவிட்டு அடுத்த மாதம் பாருங்கள், பொறுமை இல்லையென்றால் டெல்கோ (தொலைபேசி நிறுவனம்) செயலியில் பழைய மூன்று பில்களைத் திறந்து பாருங்கள். என் அம்மாவுக்கு மாதம் 3 ஜிபி தாண்டியதே இல்லை. வீட்டில் வைஃபை இருக்கிறது, வெளியே போனால் வாட்ஸ்அப், பேருந்து எப்போது வரும் என்று பார்ப்பது, அவ்வளவுதான். நூலகம், சமூக மன்றம் போன்ற இடங்களில் வயர்லெஸ்@எஸ்ஜி இலவச வைஃபையும் இருக்கிறது, 2006லிருந்தே உண்டு. தினமும் ஈசூனிலிருந்து ஜூரோங் வரை படம் பார்த்துக்கொண்டே போகும் தம்பிக்குக்கூட 20 ஜிபி போதும். வீட்டில் வைஃபை போடாமல் போனிலிருந்தே மடிக்கணினிக்கு இணையம் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த 200 ஜிபி உண்மையில் பயன்படும், அவர்களும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கடையில் பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்தாலும் இங்கே சொந்தமாக நெட்வொர்க் கட்டியவை நான்குதான்: சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மற்றவை இவற்றில் ஒன்றின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றன, அல்லது அதே நிறுவனத்தின் மலிவுப் பெயராக இருக்கின்றன. கோமோ சிங்டெலுடையது, கிகா ஸ்டார்ஹப்புடையது, மேக்ஸ் எம்1னுடையது. இது தெரிந்தால் வேலை பாதி குறைந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா சிங்டெல் வைத்திருக்கிறார், அவர் வீட்டு அறைக்குள் நன்றாகப் பேசுகிறார் என்றால், அதே புளோக்கில் கோமோவும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மலிவுத் திட்டத்துக்கு வேகம் கொஞ்சம் பின்னால் தள்ளப்படலாம். ஆனால் சிக்னல் எட்டுமா எட்டாதா என்பதை நெட்வொர்க்தான் முடிவு செய்கிறது.

இதைச் சரியாகப் பார்க்காமல் நாங்கள் ஒரு வருடம் பட்டோம். அம்மாவுக்கு மிக மலிவான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வரவேற்பறையில் இரண்டு கோடு வரும், அடுப்படிக்குள் போனால் ஒன்றுமே வராது. அவர் நாளில் பாதி நேரம் இருப்பதே அங்கேதான், நான் எப்போது கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டார். ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், அடுப்பில் குழம்பைக் குறைத்து வைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் நின்று பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "உள்ள நின்னா கேட்க மாட்டேங்குதும்மா" என்றார், அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. எழுபது வயதில் அவர் ஒவ்வொரு அழைப்புக்கும் வெளியே ஓடியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை. மாதம் ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்க இது தேவையா?

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு சிம் போடும் போன், அல்லது இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஏற்கும் போன் இருந்தால், பழைய நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் இல்லாத மலிவுத் திட்டம் ஒன்றைப் புது நம்பரில் ஒரே ஒரு மாதம் எடுங்கள். அந்தப் 10 வெள்ளியைச் சோதனைச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்துவிட்டுப் படுக்கையறை, அடுப்படி, மின்தூக்கி, கீழே நிலத்தடிக் கார் நிறுத்தம், எம்ஆர்டி ரயில் சுரங்கம், வேலையிடம், பிள்ளையின் பள்ளிக்கூட வாசல் என்று எல்லா இடத்திலும் பேசிப் பாருங்கள். வேகச் சோதனை எண்ணை நான் அதிகம் பார்ப்பதில்லை. மின்தூக்கிக்குள் அழைப்பு அறுந்துபோகிறதா, அதுதான் எனக்கு முக்கியம்.

போனையும் பாருங்கள். இங்கே 2ஜி 2017லும் 3ஜி 2024லும் நிறுத்தப்பட்டுவிட்டன, இனி அழைப்பெல்லாம் பெரும்பாலும் 4ஜி வழியாகத்தான், அதற்குப் போனில் வோல்டி (VoLTE) வசதி வேண்டும், அது அந்த டெல்கோவோடு ஒத்துப்போகவும் வேண்டும். ஊரிலிருந்து வாங்கி வந்த போன், பழைய போன் இவற்றில் இணையம் ஜோராக ஓடும், ஆனால் அழைப்பு போகாமல் இருக்கலாம். வாட்ஸ்அப் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கான 995ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது.

அப்புறம் விலை. மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, மாதம் 8 வெள்ளித் திட்டம், சிம்முக்கு 10 வெள்ளி, அழைப்பவர் நம்பர் தெரிய மாதம் 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 96, 10, 36, ஆக 142 வெள்ளி. எல்லாம் சேர்ந்த 10 வெள்ளித் திட்டம் 120தான். "முதல் 6 மாதம்" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா, டேட்டா தீர்ந்தால் வேகம் குறையுமா அல்லது தானாகக் காசு பிடிப்பார்களா, 9% பொருள் சேவை வரி சேர்ந்த விலையா, எல்லாம் கேளுங்கள். நிமிடக் கணக்கும் முக்கியம், மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ அழைத்தால் 20 நிமிடம் இசை கேட்டுக்கொண்டு காத்திருப்பதும் நிமிடத்தில்தான் கழியும், 1800 என்று தொடங்கும் எண்களுக்கும் கைத்தொலைபேசியிலிருந்து அப்படியே. இந்தியாவுக்குப் பேசுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள், ஒரே திட்டத்தில் + போட்டு அழைத்தால் ஒரு விலை, 018, 019 போன்ற முன்னெண் போட்டு அழைத்தால் வேறு விலை இருக்கும்.

முழு இலவசம் என்று வருவதை நான் தள்ளச் சொல்ல மாட்டேன், முடிகிற தேதியை மட்டும் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நான்காவது நிறுவனமாக வந்த டிபிஜி, அதாவது இன்றைய சிம்பா, 2018ல் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 24 மாத இலவசத் திட்டம் அறிவித்தது, பிறகு 2020ல் 50 ஜிபி 10 வெள்ளி என்று விலை போட்டது. அந்தப் போட்டியால்தான் இன்று எல்லாருக்கும் விலை இறங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். வருமானம் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் கடை விளம்பரத்துக்கு முன்னால் ஐஎம்டிஏவின் (தகவல் தொடர்பு, ஊடகத் துறைக்கான அரசு ஆணையம்) மூத்தோர் உதவித் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள், 2020ல் தொடங்கியது, போனும் மாதத் திட்டமும் சலுகை விலையில் கிடைக்கும். சமூக மன்றத்தில் மின்னிலக்கத் தூதர்களிடம், அதாவது போன் பயன்படுத்த உதவுகிறவர்களிடம், கேட்டால் தகுதி உண்டா என்று சொல்வார்கள்.

வேலைக்கு வந்து தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்கட்டண (பிரீபெய்ட்) சிம் அட்டை ஒருவர் பெயரில் மூன்றுதான் எடுக்கலாம். இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போகும்போது அட்டையின் காலாவதித் தேதி நடுவில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் புறப்படும் முன் டாப் அப் செய்துவிட்டுப் போங்கள், நம்பர் போனால் வங்கி, சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு) எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டிவரும். யாராவது "உன் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடு, காசு தருகிறேன்" என்றால் கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள். தப்பான காரியத்துக்குப் போகும் என்று நினைக்க இடமிருந்தும் சிம்மைப் பிறருக்குக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றம். உங்கள் வேலை அனுமதியையே பறிக்கக்கூடிய விஷயம் அது.

உட்லண்ட்ஸ், கிராஞ்சி பக்கம் குடியிருப்பவர்கள் ரோமிங்கை அணைத்தே வையுங்கள், போன் தானாகவே மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். மலிவுத் திட்டங்களில் மலேசியாவுக்குக் கொஞ்சம் டேட்டா சேர்த்துத் தருகிறார்கள், ஆனால் அது டேட்டா மட்டும்தானா, அழைப்பும் உண்டா, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இந்தியாவும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

எல்லாம் பார்த்து ஒன்றை முடிவு செய்தாயிற்றா? பழைய சிம்மை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். இங்கே 2008 ஜூனிலிருந்து நம்பரை அப்படியே கொண்டுபோகலாம், புதிய டெல்கோவில் விண்ணப்பிக்கும்போதே பழைய நம்பரைக் கொடுத்தால் மாற்றத்தை அவர்களே செய்வார்கள். ரத்து செய்துவிட்டால் கொண்டுபோக நம்பரே இருக்காது. பழைய ஒப்பந்தத்தில் மாதம் மிச்சமிருந்தால் அபராதம் வரும், முன்கட்டண அட்டையில் மீதி இருந்தால் போய்விடும், பெயரும் அடையாள எண்ணும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைக்கு எடுத்த புது நம்பரில் பழைய நம்பரை ஏற்ற முடியுமா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். செயலி வழியே மட்டும் நடக்கும் திட்டம் என்றால் எந்த அட்டையில் காசு பிடிக்கிறார்கள், அது எப்போது காலாவதியாகும் என்று குறித்து வையுங்கள். மாமியாரின் சிம் இரண்டு நாள் செத்துக் கிடந்தது, என் பழைய கடன் அட்டை முடிந்துபோனதால்தான்.

நம்பர் மாறும் நாள் பயண நாளாக, மருத்துவமனைச் சந்திப்பு நாளாக இருக்க வேண்டாம். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதியதைப் போடுங்கள். வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறதா பாருங்கள், 6ல் தொடங்கும் வீட்டு எண் ஒன்றைக் கூப்பிடுங்கள். அப்புறம் அம்மாவை அடுப்படியில் நிற்கச் சொல்லிவிட்டு, கீழே புளோக்குக்கு இறங்கி வந்து அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.